பிடிபட்ட வண்டி வீடு திரும்ப

காலை ஏழு மணி. புரோத்ராபூரில் ஒரு டீக்கடை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கார அக்கா நிமிர்ந்து பார்த்தார். தம்பி நடந்து வந்துகொண்டிருந்தான். தினமும் காரில் வந்து இறங்குபவன்.

"என்னடா, கார் எங்கே?"

"பிடிச்சிட்டாங்க அக்கா. நேத்து சாயங்காலம். லைசென்ஸ் தேதி முடிஞ்சு போச்சாம். நான் பார்க்கவே இல்ல."

"சீட்டு ஏதாவது குடுத்தாங்களா?"

தம்பி சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். "இந்தியிலயும் இங்கிலீஷ்லயும் இருக்கு. ஒண்ணும் புரியல. வெளியே நின்ன ஒரு ஆளு, நாலாயிரம் குடு, சீட்டே வேண்டாம், வண்டிய எடுத்துத் தர்றேன்னான். குடுத்திரலாமா?"

அக்கா மாலை வகுப்பில் படித்தவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எண்கள் நன்றாகத் தெரியும். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நேத்து தேதி. இது உன் வண்டி நம்பர். இங்க 207ன்னு போட்டிருக்கு. இது என்னடா?"

தம்பிக்குத் தெரியவில்லை.

இந்த அக்காவும் தம்பியும் நாம் நினைத்துக்கொண்டவர்கள். ஆனால் இப்படிப்பட்ட சீட்டு நிஜமானது. அது யார் கைக்கும் வரலாம். அதனால் அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வோம்.

எண் என்ன சொல்கிறது?

வண்டிகளுக்கு என்று நாடு முழுவதும் ஒரே சட்டம் இருக்கிறது. அதன் பெயர் மோட்டார் வாகனச் சட்டம். அது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். 2019-இல் அதைத் திருத்தி அபராதங்களை உயர்த்தினார்கள். சட்டத்தில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓர் எண் உண்டு. அதைப் பிரிவு என்பார்கள். சீட்டு எந்த மொழியில் இருந்தாலும் பிரிவு எண் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த 1, 2, 3 எழுத்தில்தான் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்தால் வண்டியை ஏன் பிடித்தார்கள் என்று தெரியும். மீட்க எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்றும் தெரியும்.

பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். போக்குவரத்து அலுவலகத்தில் முடிய வேண்டிய வேலைக்குப் போலீஸ் நிலையத்தின் வாசலில் நாள் கணக்கில் காத்திருப்பார்கள். கோர்ட்டில் கேட்க வேண்டிய வண்டியை இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சிக் கேட்பார்கள். கோர்ட் உத்தரவு வேண்டிய வண்டியை இன்ஸ்பெக்டர் நினைத்தாலும் கொடுக்க முடியாது.

தம்பியின் சீட்டில் இருந்தது 207. அது வண்டியைப் பிடித்து வைக்கும் அதிகாரத்தைச் சொல்லும் பிரிவு. எல்லாக் குற்றத்துக்கும் இந்தப் பிரிவில் வண்டியைப் பிடிக்க முடியாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் பிடிக்கலாம். வயது வராதவர் ஓட்டினால் பிடிக்கலாம். பதிவு செய்யாத வண்டியைப் பிடிக்கலாம். பெர்மிட் வேண்டிய வண்டி பெர்மிட் இல்லாமல் ஓடினால் பிடிக்கலாம். ஹெல்மெட் போடவில்லை, சீட் பெல்ட் கட்டவில்லை என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு அபராதச் சீட்டுதான்.

தேதி முடிந்த லைசென்ஸ் லைசென்ஸே இல்லாததற்குச் சமம். முன்பு தேதி முடிந்த பிறகும் 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அந்தச் சலுகை போய்விட்டது. இது பலருக்கு இன்னும் தெரியாது. தம்பிக்கும் தெரியாது.

207-இல் இன்னொரு வாசகமும் உண்டு. லைசென்ஸ், வயது, பெர்மிட் ஆகிய மூன்று காரணங்களுக்கு அதிகாரி வண்டியைப் பிடிக்காமல் ஆர்.சி.யை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தரலாம். தரலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. தர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் மரியாதையாகக் கேட்டுப் பார்க்கலாம். "ஐயா, ஆர்.சி.யை வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் உள்ள ஆளை வரச்சொல்லி வண்டியை எடுத்துப் போகிறேன்" என்று சொல்லலாம். கேட்பதில் தவறு இல்லை.

முதல் நாள் செய்ய வேண்டியது

வண்டியைப் பிடிக்கும்போது மனம் பதறும். அந்த நேரத்தில்தான் கையெழுத்துக் கேட்பார்கள். படிக்காமல் போடாதீர்கள். மொழி தெரியாவிட்டால், "என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்தமானில் அரசுத் தாள்கள் இந்தியிலும் இங்கிலீஷிலும் வரும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இது சிரமம்தான். ஆனால் கேட்டால் சொல்ல ஆள் கிடைப்பார்.

தம்பி எலக்ட்ரீஷியன் வேலை செய்பவன். அவன் துளை போடும் மெஷின், வயர்ச் சுருள், ஏணி எல்லாம் காரிலேயே இருந்தன. இதைக் கேட்டதும் அக்காவுக்குத் திக்கென்றது.

"சாமானெல்லாம் உள்ள இருக்குன்னு எழுதி வாங்கினியா?"

"இல்ல அக்கா."

"காரை விட அதுதாண்டா உனக்குச் சோறு போடுது!"

அக்கா சொன்னது சரி. வண்டியில் என்ன இருக்கிறது என்று சீட்டிலோ மகஜரிலோ எழுதச் சொல்லுங்கள். மகஜர் என்பது பிடித்த பொருள்களைப் பற்றி எழுதும் குறிப்பு. பேட்டரி, ஸ்டெப்னி டயர், டேப், கிலோமீட்டர் எண் எல்லாம் அதில் வரட்டும். உங்கள் சொந்தச் சாமான்களை அங்கேயே எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். கையில் போன் இருந்தால் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுங்கள். கீறல் இருந்தால் அதையும் எடுங்கள். பிறகு "இந்தக் கீறல் முன்பே இருந்தது" என்று யாரும் சொல்ல முடியாது.

வெளியே நின்ற ஆள் கேட்ட நாலாயிரம் ரூபாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரசீது இல்லாமல் கொடுக்கும் பணம் அபராதக் கணக்கில் சேராது. வழக்கு கணினியில் அப்படியே நிற்கும். பிறகு ஆர்.சி.யில் பெயர் மாற்றப் போனாலும் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனாலும் அது குறுக்கே வரும். அப்போது இரண்டாவது முறை கட்ட வேண்டும்.

போக்குவரத்து அலுவலகத்தின் கதவு

207-இல் பிடித்த வண்டியை மீட்க அந்தப் பிரிவிலேயே வழி இருக்கிறது. வண்டியின் சொந்தக்காரர் மனு கொடுக்கலாம். அல்லது வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் மனு கொடுக்கலாம். போக்குவரத்து அதிகாரியிடமோ, அதற்கு நியமிக்கப்பட்ட அதிகாரியிடமோ கொடுக்க வேண்டும். அவர் தாள்களைச் சரிபார்ப்பார். சரியாக இருந்தால் வண்டியை விடச் சொல்லி உத்தரவு எழுதுவார். நிபந்தனை போடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. புரோத்ராபூர்க்காரர்களுக்கு இந்த வேலை எல்லாம் நகரத்தில்தான். போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகிய ஊர். 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.

மனு ஒரு பக்கம் போதும். உங்கள் பெயர், முகவரி, வண்டி எண், பிடித்த நாள், இடம், சீட்டு எண் ஆகியவற்றை எழுதுங்கள். "தாள்களை இணைத்துள்ளேன். வண்டியை விடுவிக்க வேண்டுகிறேன்" என்று முடியுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், லைசென்ஸ், ஆதார் ஆகியவற்றின் நகலைச் சேர்த்துவையுங்கள். மனுவுக்கு ஒரு நகல் எடுத்து, அதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். போனில் டிஜிலாக்கரில் உள்ள தாள்களும் செல்லும். 2018 முதல் விதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது.

லைசென்ஸ் புதுப்பித்து வரும்வரை தம்பி காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். புதுப்பிக்கச் சில நாள் ஆகும். 40 வயது தாண்டியவர் என்றால் டாக்டர் சான்றிதழும் வேண்டும். அதுவரை வண்டி வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டியதில்லை. லைசென்ஸ் உள்ள வேறு ஒருவரை அழைத்துப் போய், அவர் ஓட்டி வரலாம். தேதி முடிந்து ஓர் ஆண்டுக்குள் மனு கொடுத்தால் லைசென்ஸைப் புதுப்பித்துவிடலாம். ஓர் ஆண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

யார் பெயரில் வண்டி?

மறுநாள் அக்காவும் தம்பியும் தாள்களை எடுத்து வைத்தார்கள். ஆர்.சி.யைப் படித்த அக்கா நிறுத்தினார்.

"இதுல உன் பேரே இல்லையே?"

"வித்தவரு பேரு அக்கா. அவர் சென்னைக்குப் போயிட்டாரு. பணம் குடுத்தேன், சாவி குடுத்தாரு. மாத்தணும் மாத்தணும்னு ரெண்டு வருஷம் போயிருச்சு."

எனக்குத் தெரிந்து, வண்டியை மீட்பதில் மிகப் பெரிய சிக்கல் அபராதம் இல்லை. இதுதான். பழைய வண்டி வாங்குகிறோம். பணம் கைமாறுகிறது. சாவி கைமாறுகிறது. பெயர் மட்டும் மாறுவதில்லை. வண்டி நன்றாக ஓடும்வரை யாரும் அதைக் கேட்பதில்லை. பிடிபட்ட அன்று எல்லோரும் கேட்கிறார்கள்.

சட்டம் கால அளவு சொல்கிறது. ஒரே மாநிலத்துக்குள், அல்லது ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இதற்கு 29-ஆம் எண் படிவமும் 30-ஆம் எண் படிவமும் உண்டு. சொந்தக் காருக்கு மத்திய விதிப்படி பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய். மோட்டார் சைக்கிளுக்கு 150 ரூபாய். சேவைக் கட்டணம் தனி. முந்நூறு ரூபாய் வேலையை இரண்டு வருடம் தள்ளிப்போட்டதால் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதை நவீன் குமார் வழக்கு என்பார்கள். ஒரு கார் பலர் கை மாறியிருந்தது. ஆனால் ஆர்.சி.யில் முதல் சொந்தக்காரர் பெயரே இருந்தது. அந்தக் கார் விபத்தில் சிக்கியது. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. "நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்பது செல்லவில்லை.

தம்பி இதைச் சென்னைக்காரரிடம் போனில் சொன்னான். அவர் பதறிப்போனார். சென்னையிலிருந்து கப்பலில் வர சுமார் மூன்று நாள் ஆகும். விமானத்துக்குக் காசு அதிகம். ஆனால் அவர் நேரில் வர வேண்டியிருக்கவில்லை. "இந்த வண்டி இப்போது இவர் பொறுப்பில் இருக்கிறது. இவரிடம் விடுவிக்க எனக்குச் சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆதார் நகலோடு தபாலில் அனுப்பினார். பெயர் மாற்றும் படிவத்திலும் கையெழுத்துப் போட்டு அதே உறையில் வைத்தார். வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் கேட்கலாம் என்று சட்டம் சொல்வதால் தம்பியின் மனு நின்றது. எல்லா அதிகாரியும் உடனே ஒத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. சிலர் சொந்தக்காரரே வர வேண்டும் என்பார்கள். அப்போது 207-இன் இரண்டாம் உட்பிரிவைப் பணிவாக எடுத்துக் காட்டுங்கள்.

தமிழ்நாட்டு எண் உள்ள வண்டியை அந்தமானுக்குக் கொண்டுவந்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. அதற்குள் பழைய இடத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஏ.என். எண் வாங்க வேண்டும்.

எவ்வளவு செலவாகும்?

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குச் சட்டத்தில் உள்ள அபராதம் 5000 ரூபாய். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த சொந்தக்காரருக்கும் 5000 ரூபாய் வரை போகலாம். இன்சூரன்ஸ் இல்லை என்றால் முதல் முறை 2000, அடுத்த முறை 4000. பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000, சிறையும் உண்டு. சொந்தக் கார் என்று பதிவு செய்த வெள்ளை நம்பர் பலகை வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தத் தொகை எல்லா இடத்திலும் அப்படியே வாங்கப்படுவதில்லை. கோர்ட்டுக்குப் போகாமல் அதிகாரியிடமே கட்டி முடிக்கும் தொகையை அந்தந்த மாநிலம், யூனியன் பிரதேசம் நிர்ணயிக்கிறது. 2019-இல் புதிய அபராதம் வந்த உடனே குஜராத் அரசு பலவற்றைக் குறைத்து அறிவித்தது. அதனால் கட்டும் முன் "எந்தப் பிரிவுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். கட்டியபின் ரசீதில் அதே எண்ணும் அதே தொகையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அபராதம் மட்டும் செலவு இல்லை. வண்டியைக் கிரேன் வைத்து இழுத்திருந்தால் இழுவைக் கூலி வரும். அதைச் சொந்தக்காரர் கட்ட வேண்டும் என்று 127-ஆம் பிரிவு சொல்கிறது. அபர்டீன் பஜார் போன்ற நெரிசலான இடத்தில் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாலும், பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்டுப் போனாலும் இழுத்துப் போகலாம். இந்த வகை வண்டியை மீட்பது சுலபம். அபராதம், இழுவைக் கூலி, இரண்டு ரசீது. அன்றே எடுத்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இன்னொன்று. அதுதான் பெரியது. தம்பிக்கு நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கருவிகள் காரில் இருக்கின்றன. ஆறு நாள் வேலை இல்லை. ஆறு எண்ணூறு 4800. அபராதத்துக்குச் சமமான தொகை போய்விட்டது. பத்து நாள் ஆனால் 8000. அலுவலகத்துக்குப் போய்வர பஸ் செலவு, நகல் எடுக்கும் செலவு எல்லாம் இதற்கு மேல்.

நம் தீவில் வண்டிக்கு இன்னொரு எதிரியும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. சுற்றிலும் கடல். உப்புக் காற்று. ஓடாமல் திறந்த வெளியில் நிற்கும் வண்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். பேட்டரி இறங்கும். பிரேக் ஒட்டிக்கொள்ளும். எலி வயரைக் கடிக்கும். போலீஸ் நிலையங்களின் பக்கத்தில் செடி முளைத்து நிற்கும் வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றின் சொந்தக்காரர்கள் அபராதத்துக்குப் பயந்தோ, தாள் இல்லாமலோ வராமல் போனவர்கள்.

கோர்ட்டின் கதவு

சீட்டில் 185 என்று இருந்தால் அது குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் இந்த வழக்கு வரும். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதை அதிகாரியிடம் கட்டி முடிக்க முடியாது. கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆனால் வண்டியையும் அதுவரை வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. கூட வந்தவர் குடிக்காமல் இருந்து, லைசென்ஸும் வைத்திருந்தால் அவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது.

வயது வராத மகன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் விஷயம் மிகவும் பெரிது. 199 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. "பக்கத்துக் கடைக்குத்தானே போனான்" என்பது காரணமாகாது.

விபத்தில் சிக்கிய வண்டியைச் சோதனைக்கு எடுத்துப் போவார்கள். எங்கே வைத்திருக்கிறோம் என்று சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும். சோதனை முடிந்து 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று 136-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒருவர் இறந்திருந்தாலோ, பலத்த காயம் பட்டிருந்தாலோ குற்ற வழக்குப் பதிவாகும். வண்டி வழக்குச் சொத்தாகிவிடும். அப்போது மாஜிஸ்டிரேட் உத்தரவு வேண்டும்.

ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு அப்பால் ஜாரவா மக்களின் காட்டு வழியாகப் போகும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். அங்கே வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் கூடாது. மீறினால் அது போக்குவரத்து அபராதத்தோடு முடிகிற விஷயம் இல்லை. பழங்குடியினர் பாதுகாப்புக்கு என்று 1956-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி இருக்கிறது. 2012-இல் அதன் தண்டனைகளை அதிகமாக்கினார்கள்.

கோர்ட்டில் எப்படிக் கேட்பது? முன்பு இதற்குக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 451-ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. அதில் 497-ஆம் பிரிவு. பழைய வக்கீல்கள் இன்னும் 451 என்றே பழக்கத்தில் சொல்வார்கள். குழம்ப வேண்டாம்.

புதிய பிரிவில் நமக்கு உதவும் ஒரு விஷயம் இருக்கிறது. பொருள் கோர்ட் முன் வந்த 14 நாளுக்குள் அதன் விவரத்தை எழுத வேண்டும். போட்டோவோ வீடியோவோ எடுக்க வேண்டும். அதன்பின் 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். வழக்கு முடியும்வரை வண்டி அங்கேயே கிடக்க வேண்டும் என்பதில்லை. படம் சாட்சியாக இருந்தால் போதும்.

இதற்கு வழிகாட்டியது 2002 அக்டோபர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. குஜராத்தில் போலீஸ் காவலில் இருந்த பொருள்களைக் கையாடினார்கள், மாற்றி வைத்தார்கள் என்று போலீசார் மீதே வந்த வழக்கு அது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு என்று பெயர். பிடித்த வண்டிகளை நீண்ட காலம் போலீஸ் நிலையத்தில் வைப்பதால் பயன் இல்லை, மாஜிஸ்டிரேட் உடனே பிணை வாங்கிக்கொண்டு தகுந்த உத்தரவு போட வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். வக்கீல்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைத்தான் மனுவில் காட்டுகிறார்கள்.

மனுவில் வண்டி எண்ணோடு எஞ்சின் எண், சேசிஸ் எண், வழக்கு எண் ஆகியவையும் வேண்டும். இவை ஆர்.சி.யிலும் முதல் தகவல் அறிக்கையிலும் இருக்கும். மாஜிஸ்டிரேட் போலீசிடம் அறிக்கை கேட்பார். பிறகு பிணைப் பத்திரம் எழுதச் சொல்லி விடுவிப்பார். வடநாட்டில் இதைச் சுபுர்தாரி, ஜிம்மாநாமா என்பார்கள். இந்தி பேசும் குமாஸ்தா இந்தச் சொல்லைச் சொன்னால் புரிந்துகொள்ளுங்கள். வண்டியை விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள். பிணைத் தொகை உடனே கட்டும் பணம் இல்லை. சொன்னபடி நடக்காவிட்டால் கட்டுவேன் என்ற வாக்குறுதி அது. சில வழக்கில் ஜாமீன்தாரரும் கேட்பார்கள்.

விபத்து வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால் நிலைமை வேறு. அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கப் போதுமான ஈடு கட்டாமல் அதை விடக் கூடாது. கட்டாவிட்டால் மூன்று மாதம் கழித்து வண்டியை ஏலம் விட்டுப் பணத்தை நஷ்ட ஈட்டுக்கு வைக்க வேண்டும். இப்படி விதி செய்யும்படி 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயம்தான். 2022 ஜூன் முதல் 1000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணம் ஆண்டுக்கு 2094 ரூபாய், வரி தனி என்று வைத்தார்கள். அதை மிச்சம் பிடித்தவர் காரையே இழக்கக்கூடும்.

வக்கீல் கூலிக்கு ஒரே விலை இல்லை. முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அரசின் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். ஆர்.சி. பெண்ணின் பெயரில் இருந்தால் மனுக்கொடுப்பவர் அவர்தான். அவருடைய வருமானத்தைக் கேட்க மாட்டார்கள்.

யாரும் கேட்டு வராத வண்டிக்கு அறிவிப்புப் போடுவார்கள். 6 மாதத்துக்குள் உரியவர் வர வேண்டும். வராவிட்டால் அது அரசின் கைக்குப் போய் ஏலத்துக்கு வரும்.

ஏழாம் நாள்

தபால் வந்தது. தம்பி அபராதம் கட்டினான். அக்கா ரசீதைக் கையில் வாங்கி வண்டி எண்ணைச் சரிபார்த்தார். ஓர் எண் தவறாக இருந்தது. 6 இருக்க வேண்டிய இடத்தில் 8.

"சார், இது எங்க வண்டி இல்லையே" என்றார்.

குமாஸ்தா பார்த்தார். திருத்தி, பக்கத்தில் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

விடுதலை உத்தரவோடு வண்டி நின்ற இடத்துக்குப் போனார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டுவதற்காகத் தன் லைசென்ஸோடு வந்திருந்தார். தம்பி முதலில் பின்கதவைத் திறந்தான். மெஷின் இருந்தது. வயர்ச் சுருள் இருந்தது. ஏணி இருந்தது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். டயர், பேட்டரி, கண்ணாடி எல்லாம் சரி. அதன்பிறகுதான் பெற்றுக்கொண்டேன் என்று தம்பி கையெழுத்துப் போட்டான்.

சாவியைத் திருப்பினார் அண்ணன். வண்டி கிளம்பவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது. இறங்கித் தள்ளினார்கள். அக்காவும் தள்ளினார். மூன்றாவது தள்ளலில் எஞ்சின் உறுமியது.

"நேரா வீட்டுக்கா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லண்ணே," என்றார் அக்கா. மடியில் இருந்த 29, 30 படிவங்களை எடுத்தார். "ஆர்.டி.ஓ. ஆபீஸ் நாலு மணிக்கு மேல பணம் வாங்க மாட்டாங்களாம். அங்க விடுங்க."